மயிலம் மலையைப் பென் டிரைவில் ஏற்றலாம்

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில், கூட்டேரிப்பட்டில் நெடுஞ்சாலையை விட்டுத் திரும்பினால் கொஞ்ச தூரத்தில் மயிலம் வந்துவிடும். சின்ன மலை, அதன்மேல் முருகன் கோவில். சூரபத்மன் மயில் வடிவ மலையாக நின்று தவம் செய்த இடம் என்று தலபுராணம் சொல்கிறது. ஊர்ப்பெயரும் அதிலிருந்துதான் வந்தது என்பார்கள். மயிலமாவது சின்ன மலை. அதே விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கும் செஞ்சி ராஜகிரிக் கோட்டையின் உச்சியைக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள்தான் அதிகம். முழங்கால் தேய்ந்த ஒரு பாட்டிக்கு, மேலே நின்றால் என்னவெல்லாம் தெரியும் என்பதை அப்படியே காட்ட முடியுமா?

முடியும். 360 டிகிரிப் படம் இன்று யாருக்கும் புதிதல்ல. மவுஸைப் பிடித்து இழுத்தால் காட்சி சுழலும், சக்கரத்தை உருட்டினால் கிட்டே வரும். ஆனால் இப்படிப்பட்ட படங்கள் பெரும்பாலும் இணையத்தில்தான் இருக்கின்றன. இணைப்பு இல்லாத இடத்தில் என்ன செய்வது? கிராமத்துப் பள்ளிக்கூடத்தின் பழைய கணினி, அருங்காட்சியகத்தில் மூலையில் நிற்கும் திரை, திருவிழாக் கூட்டத்தில் சிக்னல் கிடைக்காமல் திண்டாடும் அரங்கு, இங்கெல்லாம் பாட்டிகளும் பேரப்பிள்ளைகளும் வருகிறார்கள். பெரிய படத்தை ஒரே கோப்பாகக் கொண்டுபோய்த் திறந்தால் கணினி அப்படியே நின்றுவிடும். "இந்த மிஷின் தாங்காதுப்பா" என்று சொல்லி மூடிவிடுவார்கள்.

உண்மையில் பழைய மிஷினும் தாங்கும். எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

எவ்வளவு பெரிய படம் வேண்டும்?

முதலில் ஒரு கணக்கு. நல்ல பார்வை உள்ள மனிதக் கண்ணால் ஒரு டிகிரிக்குள் சுமார் 60 புள்ளிகளைப் பிரித்துப் பார்க்க முடியும். சுற்றிலும் 360 டிகிரி. அப்படியானால் கண்ணுக்கு ஈடான படத்துக்கு 21,600 பிக்சல் அகலம் வேண்டும். பெரிதாக்கியும் பார்க்க வேண்டுமென்றால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். 32,000 பிக்சல் அகலம் என்று வைத்துக்கொள்ளலாம். முழுக் கோளக் காட்சியின் உயரம் அகலத்தில் பாதி, அதாவது 16,000 பிக்சல். மொத்தம் 51 கோடிக்கும் மேல், அதாவது 512 மெகாபிக்சல்.

இவ்வளவு எதற்கு என்று கேட்கலாம். இந்த அளவில் ஒரு டிகிரிக்கு 89 பிக்சல் கிடைக்கிறது. 100 மீட்டர் தள்ளி நிற்கும் கோபுரத்தில் ஒரு பிக்சல் என்பது சுமார் 2 சென்டிமீட்டர். அப்படியென்றால் கோபுரத்தில் உள்ள சுதைச் சிற்பத்தின் முகம் தெரியும், கையில் என்ன பிடித்திருக்கிறது என்பதும் தெரியும். கீழே நிற்பவரின் வெறுங்கண்ணுக்குத் தெரியாதது வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிகிறது. சாதாரண செல்போன் படத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

கணினி ஏன் திணறுகிறது?

ஜேபெக் கோப்பாகச் சேமித்தால் இந்தப் படம் ஒன்றிரண்டு நூறு எம்பிதான் இருக்கும். அதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. திறக்கும்போது அது விரிகிறது. திரை அட்டையின் நினைவகத்தில் ஒரு பிக்சலுக்கு 4 பைட் வீதம் 512 மெகாபிக்சலுக்கு 2 ஜிபி ஆகிறது. பள்ளிக் கணினியின் மொத்த ராமே 2 ஜிபியாக இருக்கலாம். போதாததற்கு, திரை அட்டைகள் ஒரே படமாக ஏற்றுக்கொள்ளும் அளவுக்கும் ஒரு வரம்பு உண்டு. பல அட்டைகளில் அது 8,192 பிக்சல், கொஞ்சம் நல்லவற்றில் 16,384. நமக்கு வேண்டியதோ 32,000! கதவே சின்னது, அதன் வழியாகப் பெரிய பீரோவை உள்ளே கொண்டுபோகப் பார்ப்பது போன்ற கதை இது.

இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள். 1366-க்கு 768 என்ற சாதாரணத் திரையில் இருப்பதே சுமார் 10 லட்சம் பிக்சல்தான். 51 கோடியில் எந்த நேரத்திலும் கண்ணுக்குத் தெரிவது 10 லட்சம், அதாவது ஐந்நூறில் ஒரு பங்கு. மீதி 499 பங்கையும் சேர்த்து ஏற்றுவதால்தான் கணினி திணறுகிறது.

பீரோவைக் கழற்றித்தான் கொண்டுபோக வேண்டும்

பள்ளிக்கூட அட்லஸை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் உலகப் படம், பிறகு இந்தியா, பிறகு தமிழ்நாடு, பிறகு மாவட்டம். திண்டிவனத்தைத் தேடுகிறவர் உலகம் முழுவதையும் தெரு அளவில் விரித்து வைப்பதில்லை, பக்கத்தைத் திருப்பிக்கொண்டே போகிறார். கூகுள் மேப்ஸும் இதைத்தான் செய்கிறது. பெரிய படத்தையும் அதே மாதிரி பல அடுக்குகளாக, ஒவ்வொரு அடுக்கையும் சின்னச் சதுரத் துண்டுகளாக வெட்டி வைத்துக்கொள்ள வேண்டும்.

நடைமுறையில், முதலில் கோளத்தை ஒரு கனசதுரப் பெட்டியின் ஆறு முகங்களாக மாற்றுவார்கள். 32,000 அகலப் படத்துக்கு ஒரு முகம் சுமார் 10,240 பிக்சல் அளவில் வரும். அதை 512 பிக்சல் துண்டுகளாக வெட்டினால் ஒரு முகத்துக்கு 20-க்கு 20, அதாவது 400 துண்டு. ஆறு முகத்துக்கும் 2,400. அடுத்த அடுக்கு பாதி அளவு, அதில் 600. அதற்கடுத்து 150, பிறகு 54, கடைசியில் 24. எல்லாம் சேர்த்து 3,228 சின்னப் படங்கள். ஒரு துண்டு சராசரியாக 60 கேபி என்றால் மொத்தம் 200 எம்பிக்குள் அடங்கிவிடும்.

முழுக்கப் பெரிதாக்கிப் பார்க்கும்போதும் திரையில் தேவைப்படுவது அதிகபட்சம் 12 துண்டு. கோப்பு அளவில் முக்கால் எம்பி, விரித்தால் சுமார் 13 எம்பி. 2 ஜிபி எங்கே, 13 எம்பி எங்கே! பத்து வருடப் பழைய மடிக்கணினியும் இதைச் செய்துவிடும்.

இதைக் கையால் வெட்ட வேண்டியதில்லை. படங்களை ஒட்டுவதற்கு ஹ்யூகின் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஹெல்முட் டெர்ஷ் என்ற ஜெர்மன் பேராசிரியர் 1998-ல் வெளியிட்ட பனோரமா டூல்ஸ்தான் அதற்கு அடித்தளம். ஒட்டிய படத்தை வெட்டவும் காட்டவும் பேனலம், மார்சிபானோ என்ற இரண்டு இலவசக் கருவிகள் உண்டு. காசு கொடுத்து வாங்குவதென்றால் கேஆர்பானோ. பேனலத்தோடு வரும் சிறிய பைத்தான் நிரலிடம் பெரிய படத்தைக் கொடுத்தால், அடுக்கு அடுக்காக வெட்டிக் கோப்புறைக்குள் வைத்துவிடும்.

கறுப்புத் திரை

பாதிப் பேர் கைவிடுவது இந்த இடத்தில்தான். எல்லாம் தயார். பென் டிரைவில் போட்டுக்கொண்டு போய், பள்ளிக் கணினியில் பக்கத்தை இரட்டைக் கிளிக் செய்தால்... கறுப்புத் திரை! வீட்டில் நன்றாகத்தானே ஓடியது?

குறை படத்தில் இல்லை, உலாவியில்தான். வன்தட்டிலிருந்து நேரடியாகத் திறக்கப்படும் பக்கத்தை உலாவி நம்புவதில்லை. யாரோ அனுப்பிய ஒரு பக்கம் உங்கள் வன்தட்டில் இருக்கும் மற்ற கோப்புகளைப் படித்து வெளியே அனுப்பிவிடக் கூடாது என்ற பாதுகாப்பு அது. நியாயமான பாதுகாப்புதான். ஆனால் முப்பரிமாணக் காட்சிக்கு உதவும் வெப்ஜிஎல், பக்கத்து கோப்புறையில் இருக்கும் துண்டுப் படங்களைக் கேட்கும்போதும் "கிடையாது" என்று சொல்லிவிடுகிறது.

இதற்கு வழி, அதே கணினிக்குள் ஒரு குட்டி சர்வரை ஓடவிடுவது. சர்வர் என்றதும் பயப்பட வேண்டாம். பைத்தான் நிறுவிய எந்தக் கணினியிலும் ஒரே வரிக் கட்டளையில் அது ஓடும். பிறகு உலாவியில் லோக்கல்ஹோஸ்ட் என்ற முகவரியைத் திறந்தால் போதும். உலாவியைப் பொறுத்தவரை அது ஒரு முறையான இணையதளம். இணையம் என்னவோ அறைக்கு வெளியே போகவே இல்லை! பைத்தான் நிறுவ முடியாத இடத்தில், பென் டிரைவிலிருந்தே ஓடும் சிறிய சர்வர் நிரல்களைப் பயன்படுத்தலாம். உலாவியின் பாதுகாப்பைத் தளர்த்திவிடுவது இன்னொரு வழி. ஆனால் பலரும் புழங்கும் பள்ளிக் கணினியில் அதைச் செய்யக் கூடாது.

இன்னொரு பொறியும் உண்டு. காட்டும் கருவியின் நிரல் கோப்பை வெளித் தளத்திலிருந்து இழுக்கும்படி பல மாதிரிப் பக்கங்கள் எழுதப்பட்டிருக்கும். எழுத்துருவும் அப்படியே. இணையம் உள்ள வீட்டில் இது தெரியாது, இல்லாத இடத்தில் காலை வாரிவிடும். எல்லாவற்றையும் கோப்புறைக்குள் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே நெட் வயரைப் பிடுங்கிவிட்டு, உலாவியின் தற்காலிகச் சேமிப்பையும் அழித்துவிட்டு ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். இதைவிட நல்ல சோதனை கிடையாது.

விக்கல் எங்கிருந்து வருகிறது?

படம் ஓடுகிறது, ஆனால் விக்கி விக்கி ஓடுகிறது. கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிய வேண்டுமென்றால் நொடிக்கு 60 முறை திரை மாற வேண்டும், ஒரு முறைக்கு 16 மில்லிநொடிதான். அதற்குள் வேலை முடியாவிட்டால் விக்கல். சந்தேகப்பட வேண்டியவை இவை:

பென் டிரைவ். ஒரு பெரிய சினிமாவை அது சுலபமாகப் படிக்கும். மூவாயிரம் சின்னக் கோப்புகள் என்றால் தடுமாறும். நேரடியாக அதிலிருந்து ஓட்டாமல் கணினிக்குள் நகலெடுத்து ஓட்டுவது நல்லது. ஜிப் ஆக்கிக் கொண்டுபோய் அங்கே விரித்தால் நகலெடுக்கும் நேரமும் மிச்சம்.

வன்தட்டு. பழைய சுழலும் தட்டு ஒவ்வொரு துண்டையும் தேடிப் போகச் சுமார் 10 மில்லிநொடி எடுக்கும். 12 துண்டுக்கு 120 மில்லிநொடி. எஸ்எஸ்டி என்றால் இந்தத் தேடல் நேரம் ஏறக்குறைய இல்லை. பழைய கணினிக்கு ஒரே ஒரு செலவு செய்யலாம் என்றால் அது இதுதான்.

திரை அட்டை. சில கணினிகளில் உலாவியின் வன்பொருள் முடுக்கம் அணைக்கப்பட்டிருக்கும், அல்லது டிரைவர் பழசாக இருக்கும். அப்போது திரை அட்டையின் வேலை முழுவதும் பிராசசர் தலையில் விழும். பாதி விக்கல் இந்த ஒரு அமைப்பைச் சரிசெய்தாலே நின்றுவிடும்.

ஆன்ட்டிவைரஸ். ஒவ்வொரு துண்டையும் திறக்கும்போது நிறுத்தி விசாரிக்கும். அந்த ஒரு கோப்புறைக்கு மட்டும் விலக்குக் கொடுக்கலாம்.

ஜேபெக் தரம். 100-ல் சேமித்தால் கோப்பு பெருக்கும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. 75 முதல் 80 வரை போதும்.

இவ்வளவும் செய்தபின், சின்ன அடுக்கு முழுவதையும் ஆரம்பத்திலேயே ஏற்றிவிடச் சொல்லலாம். 24 துண்டுதானே! அப்புறம் எவ்வளவு வேகமாகச் சுழற்றினாலும் வெற்றிடம் தெரியாது. முதலில் மங்கலாகத் தெரிந்து, கை நின்றவுடன் கூர்மையாகிவிடும். பார்ப்பவர் அதைக் குறையாக நினைப்பதில்லை. கறுப்புச் சதுரங்கள் தெரிந்தால்தான் முகம் சுளிப்பார்.

எடுக்கும்போது

24 மெகாபிக்சல் கேமராவும் அதோடு வரும் சாதாரண 18-55 லென்ஸுமே போதும். 20 மில்லிமீட்டரில் வைத்து எடுத்தால் மேலே சொன்ன 32,000 பிக்சல் கிட்டத்தட்டச் சரியாக வரும். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, மூன்று வரிசையாக, வானத்தையும் தரையையும் சேர்த்து 35 முதல் 40 படங்கள் எடுக்க வேண்டும். ஒன்றோடொன்று கால் பங்காவது மேற்படிய வேண்டும். வெளிச்ச அளவையும் ஃபோகஸையும் பூட்டிவிட வேண்டும். முக்கியமாக, கேமரா தன் உடம்பை அச்சாகக் கொண்டு சுழலக் கூடாது, லென்ஸுக்குள் ஒளி குவிந்து நுழையும் புள்ளியை அச்சாகக் கொண்டு சுழல வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்தில் உள்ள மண்டபத் தூண் ஒரு படத்தில் ஓரிடத்திலும் அடுத்ததில் வேறிடத்திலும் நிற்கும். ஹ்யூகினாலும் அதை ஒட்ட முடியாது.

அனுமதி விஷயமும் உண்டு. தமிழகக் கோவில்களுக்குள் செல்போனைத் தடை செய்யும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. தொல்லியல் துறை இடங்களில் முக்காலி வைக்க அனுமதி வாங்க வேண்டும். கேட்காமல் எடுத்துவிட்டுப் பிறகு அழிப்பதைவிட, கடிதம் கொடுத்துக் காத்திருப்பது மேல்.

காணாமல் போன படங்கள்

இவ்வளவு சிரமம் எதற்கு, இணையத்தில் ஏற்றிவிட்டால் போதாதா?

போதாது என்பதற்கு ஏற்கெனவே சாட்சி இருக்கிறது. 2000-களில் செய்யப்பட்ட சுழலும் காட்சிகளில் பெரும்பகுதி ஃப்ளாஷில் இருந்தது. 2020 டிசம்பர் 31-ஓடு அடோபி நிறுவனம் ஃப்ளாஷுக்கு ஆதரவை நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் பிளேயரே ஓட மறுத்தது. வேறு வடிவத்துக்கு மாற்றப்படாத காட்சிகள் எல்லாம் ஒரே நாளில் சாம்பல் கட்டங்களாகிவிட்டன. மைக்ரோசாஃப்ட் 2008-ல் தொடங்கிய போட்டோசிந்த் தளத்தில் உலகெங்கும் உள்ளவர்கள் காட்சிகளை ஏற்றினார்கள். 2017-ல் அது மூடப்பட்டது. மூலப் படங்களைத் தன்னிடம் வைத்திருந்தவர் தப்பித்தார். வைத்திருக்காதவர் இழந்தார்.

இது கணினி யுகத்துக்கு மட்டும் உரிய கதையும் அல்ல. 1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்தார். மறு வருடமே லண்டனில் ராபர்ட் கெர் போர்ட்டர் என்ற இளம் ஓவியர் ஸ்ரீரங்கப்பட்டின முற்றுகையை 120 அடி நீளத்தில் வரைந்து காட்சிக்கு வைத்தார். ஊரே திரண்டு போய்ப் பார்த்தது. அந்த மாபெரும் ஓவியம் பிறகு தீயில் அழிந்துவிட்டது. மிஞ்சியவை சிறு வரைவுகளும் அச்சுப் பிரதிகளும்தான். ஒரே ஒரு பிரதி, ஒரே ஒரு இடம் என்றால் கதி இதுதான்.

மாறாக, துண்டு ஜேபெக்குகளும் ஒரு சாதாரணப் பக்கமும் உள்ள கோப்புறை யாரையும் நம்பி இல்லை. காட்டும் கருவி நாளைக்குச் செத்தாலும் படங்கள் படங்களாகவே இருக்கும். ஒட்டி முடித்த முழுப் படத்தையும், எடுத்த 40 மூலப் படங்களையும் தனியாகச் சேர்த்து வைத்தால் இருபது வருடம் கழித்து வரும் கருவியிலும் மறுபடி வெட்டிக்கொள்ளலாம்.

எதை எடுப்பது என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோவில் ஒரு பாடம். கருவறையைச் சுற்றியுள்ள குறுகலான பாதையில், நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் கால ஓவியம் இருப்பதை 1931-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். அந்தப் பாதைக்குள் பொதுமக்களை விடுவதில்லை, விட்டால் ஓவியம் தாங்காது. பின்னால் தள்ளி நின்று முழுச் சுவரையும் ஒரே படமாக எடுக்கவும் இடமில்லை. கோவில் வளாகத்தில் உள்ள விளக்க மையத்தின் புகைப்படங்கள் வழியாகத்தான் பெரும்பாலோர் அதைப் பார்த்திருக்கிறார்கள். நேரில் போக முடியாத இடத்துக்கு, அந்த இடத்திலேயே ஒரு திரை. அந்தத் திரைக்கு இணையம் தேவையே இல்லை.

மயிலத்தைச் சுற்றி இப்படி எத்தனை இருக்கின்றன! திருவக்கரையில் இரண்டு கோடி ஆண்டுப் பழைய கல்மரங்கள் கிடக்கின்றன. மண்டகப்பட்டில், செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இல்லாமல் செய்ததாக மகேந்திரவர்மன் கல்வெட்டில் சொல்லிக்கொண்ட குடைவரை இருக்கிறது. செஞ்சிக்கோட்டை 2025 ஜூலையில் மராட்டிய ராணுவ நிலவமைப்புகளில் ஒன்றாக யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கோவில் கோபுரங்களுக்கோ குடமுழுக்கு வந்தால் புது வண்ணம் ஏறும், பழைய வண்ணம் போய்விடும். திருப்பணிக்குச் சாரம் கட்டுவதற்கு முன் ஒரு முறை எடுத்து வைத்தால், என்ன மாறியது என்று பின்னால் வருபவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கலாம். சாரம் கட்டிய பிறகு அந்த வாய்ப்பு திரும்ப வராது.

ஒரு காட்சி 200 எம்பி. 16 ஜிபி பென் டிரைவில் 70, 80 காட்சிகள் வரை பிடிக்கும். பள்ளியில் ஒரு நகல், கிளை நூலகத்தில் ஒன்று, கோவில் அலுவலகத்தில் ஒன்று, எடுத்தவர் வீட்டில் மூலப் படங்களோடு ஒன்று. கேமரா இரவல் வாங்கிக்கொள்ளலாம், மென்பொருள் இலவசம். மிச்சம் வேண்டியது, கூட்டம் வருவதற்கு முன் விடிகாலையில் மலையேற ஒரு நாலு பேர்.